போதும் என்று யார் சொல்வது?

எங்கள் சொந்தபந்தத்தில் யாரைக் கேட்டாலும் என் அக்கா பையனைப் பற்றி ஒரு கருத்து வைத்திருப்பார்கள். அவனை நேரில் பார்த்தவர்கள் அதில் பாதிகூடத் தேறாது. அக்காவும் மச்சானும் கனடாவில், கால்கரியில் இருக்கிறார்கள். பையன் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்து ஹோம்வொர்க் எழுதுகிற ஆட்டம் இல்லை. இதுதான் பிழைப்பு என்று முடிவு செய்து பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன். போன வைகாசியில் பெருந்துறையில் ஒரு கல்யாணம். பந்தியில் அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா முறைக்காரர் ஆரம்பித்தார். "ஏப்பா, உங்கக்கா பையன் இன்னும் அந்த ஐஸ்லயேதான் சறுக்கிட்டு இருக்கறானா? கையில ஒரு டிகிரி வேண்டாமா? எத்தன நாளைக்கு ஆடுவான்?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு ரசம் கேட்டேன். டிகிரிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கடைசிக் கேள்விக்கு இல்லை. எத்தனை நாளைக்கு ஆடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? அன்றிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே பதினாறிலிருந்து இருபது வயது வரைக்கும் ஜூனியர் ஹாக்கி. அதில் மேல்படி மேஜர் ஜூனியர், அடுத்த படி ஜூனியர் ஏ. எங்கள் மாப்ள ஜூனியர் ஏ. இந்த டீம்கள் பலவும் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கின்றன. ஊருக்குள் ஒரு ஐஸ் அரங்கம், ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமைக் காடு. வெளியூர்ப் பையன்கள் தங்குவதற்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்று தன் வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து, சாப்பாடு போட்டு, சீசன் முடியும்வரை பார்த்துக்கொள்ளும். பில்லெட் குடும்பம் என்பார்கள். இதை முதல்முறை கேட்டபோது என் அம்மாவுக்கு இருந்த ஒரே சந்தேகம், "அந்தூட்டுல சோறாக்கிப் போடுவாங்களா, இல்ல வெறும் ரொட்டியா?" என்பதுதான். சித்தி ஒருத்தர்தான் பொரிந்து தள்ளினார். "பதினாறு வயசுப் பையன ஆரோ ஒருத்தரு ஊட்ல உட்டுட்டு இவளால எப்படித் தூங்க முடியுது?" இதே சித்திதான் தன் மகனைப் பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு ராசிபுரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளியவர். அப்போது அவனுக்குப் பதினைந்து.

ஹாஸ்டல் மார்க்கும் ஐஸ் மார்க்கும்

நாமக்கல் பக்கம் அப்படி ஒரு விடுதிப் பள்ளியில் நான் பல வருஷம் இயற்பியல் எடுத்திருக்கிறேன். அதனால்தான் சித்தியின் பேச்சு எனக்குச் சுருக்கென்று பட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டடி. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப அரைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். புங்கமரத்தடியில் பவானி ஜமுக்காளத்தை விரித்து, தூக்குப்போசியைத் திறந்து, அம்மா கோழிக்குழம்பைப் பிசைந்து போட்டுக்கொண்டிருப்பார். அப்பா பக்கத்தில் குத்தவைத்து, "போன டெஸ்ட்டுல எத்தன?" என்று கேட்பார். பையன் வாயில் இருப்பதை மென்றுகொண்டே ஒரு நம்பரைச் சொல்வான். அந்த நம்பர் போதவில்லை என்பது அம்மாவின் கை அப்படியே நிற்பதில் தெரிந்துவிடும். திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என்று அந்த வட்டாரத்தில் எத்தனை மரத்தடியில் இது நடந்திருக்கும்! 2017-ல் மாநில ரேங்க் பட்டியலே இனி கிடையாது என்று அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அறிவித்தார். அவரும் நம் கோபிக்காரர்தான். அதே வருஷம் நீட் தேர்வும் வந்தது. பள்ளிகள் பலகையை மாற்றி எழுதிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி மட்டும் மாறவில்லை.

ஆகவே ஒரு பையனைச் சின்ன வயதில் வீட்டைவிட்டு அனுப்பி, ஒரே ஒரு கதவை நோக்கி ஓட விடுவதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கனடாக்காரர்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் ஒரு விஷயத்தில் எங்கள் விடுதி மேல். எங்களிடம் ரிசல்ட் என்று ஒரு நாள் இருந்தது. காலையில் மார்க் வரும். அழுகிறவர்கள் பதினொரு மணிக்குள் அழுது முடிப்பார்கள். மத்தியானம் சாப்பிடும்போது மெடிக்கல் இல்லையென்றால் கோயமுத்தூரில் எந்த இன்ஜினியரிங் காலேஜ் என்று பேச்சு திரும்பியிருக்கும். கொடுமையான நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் அது முடிந்துவிடும். ஐஸ் ஹாக்கி ஆடுகிறவனுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது.

அவர்களுக்கும் பதினெட்டு வயதில் டிராஃப்ட் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த என்.எச்.எல். லீகில் 32 டீம்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஏழு சுற்றுகளில், உலகம் முழுவதிலிருந்தும் 224 பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்வீடன், பின்லாந்து, செக், ரஷ்யா என்று எல்லா ஊர்ப் பையன்களும் அதில் அடக்கம். பெயர் வந்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். வேலை இல்லை. அந்த டீம் மட்டும்தான் அவனோடு ஒப்பந்தம் பேசலாம் என்கிற உரிமை, அவ்வளவுதான். ஒரு டீமில் 23 பேர் என்றால் மொத்தம் 736 இடம். அந்த இடங்களில் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்லவனாக இருந்தால் பதினைந்து வருஷம்கூட எழுந்திருக்க மாட்டான். இன்னொரு பக்கம், பதினெட்டில் பெயர் வரவில்லை என்றாலும் ஒன்றும் முடிந்துவிடவில்லை. பத்தொன்பதில் வரலாம், இருபதில் வரலாம். எதுவும் வராவிட்டால் பயிற்சி முகாமுக்கு வந்து பார் என்று யாராவது கூப்பிடலாம்.

மேலே போனவனுக்கும் நிம்மதி இல்லை. என்.எச்.எல்.லுக்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இரண்டு சம்பளம் போட்ட ஒப்பந்தம் இருக்கும். மேலே இருக்கிற நாளுக்கு ஒரு கணக்கு, கீழே இருக்கிற நாளுக்கு இன்னொரு கணக்கு. 2025-26 சீசனில் மேல் லீகின் குறைந்தபட்ச வருஷச் சம்பளமே 7,75,000 டாலர். கீழே இறங்கினால் பலருக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். ஈ.சி.எச்.எல்.லில் வாரச் சம்பளம், தங்க இடம் டீம் கொடுக்கும், சீசன் முடிந்தால் அதுவும் முடிந்தது. கொஞ்சம் அனுபவம் சேர்ந்த ஆளைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் அவன் பெயரை மற்ற டீம்களுக்கு முன்னால் வைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மனைவி பிள்ளைகளோடு ஒரு ஊரில் குடியிருக்கிறவன் அந்த ஒரு நாள் முழுக்க, நாளைக்கு எந்த ஊர் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை என்றாலும் வருத்தம், எடுத்தாலும் பெட்டி கட்ட வேண்டும்.

ஒரு ஆட்டத்துக்கு 20 பேர்தான் உடுத்தி இறங்கலாம். மீதிப் பேர் உடம்பு நன்றாக இருந்தாலும் கேலரியில் உட்கார வேண்டியதுதான். ஜூனியரிலும் இதே கதை, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு. அம்மா இட்லித் தட்டோடு என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஆட்டம் ஒன்றும் புரியாது. நீல ஜெர்சியில் பேரன் நம்பர் வருகிறதா என்பதுதான் அவள் கணக்கு. ஒரு நாள் கேமரா கேலரிப் பக்கம் திரும்பியது. "அட, நம்ம பையன்! ஏன் சாமி கோட்டுப் போட்டுட்டு மேல உக்காந்திருக்கறான்? ஆருக்குக் கண்ணாலம்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அவனுக்கு அன்றைக்கு இடம் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்றைக்கு லீவு என்று சொல்லி வைத்தேன்.

பொங்கலுக்கு முந்தின போன்

ஜனவரி 10-ஐ ஒட்டி அங்கே ஜூனியர் டீம்கள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கடைசிக் கெடு வரும். நமக்குப் பொங்கலுக்கு நாலைந்து நாள் முந்தி. வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். மாப்ள போன் பண்ணினான். அவன் சாதாரணமாக என்னைத் தனியாகக் கூப்பிடுகிறவன் இல்லை. எங்கே இருக்கிறாய் என்றதற்கு, ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறேன், வெளியே மைனஸ் இருபத்தைந்து, காபி வாங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். "ஒன்னுமில்ல மாமா, டீம் மாறிட்டேன்." சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் கோச் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஐந்து நிமிஷப் பேச்சு. கை கொடுத்திருக்கிறார். அவனை இரண்டு சீசன் வைத்துச் சோறு போட்ட அந்த வீட்டம்மா, அவன் துணியை மடித்துப் பையில் வைக்கும்போது அழுதிருக்கிறார். ஹாக்கிப் பையையும் மட்டைகளையும் பின்சீட்டில் திணித்துக்கொண்டு, நாலு மணி நேர தூரத்தில் இருக்கிற புது ஊருக்கு அவனே ஓட்டிக்கொண்டு போகிறான். மறுநாள் அங்கே ஆட்டம். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது.

நான் வாத்தியார் புத்தியில் நேராகக் கேட்டேன். "வேண்டாம்னுட்டாங்களா, கண்ணு?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னான், "அப்படியெல்லாம் சொல்லல மாமா. அந்த டீம் என்னைக் கேட்டுச்சாம். அவங்களுக்கு நான் வேணுமாம்."

அவன் மனசைத் தேற்றிக்கொள்வதற்காகச் சொன்னான் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். யோசிக்க யோசிக்கத்தான் பட்டது, அவன் சொன்னது பொய்யே இல்லை. பழைய டீமுக்கு அவன் வேண்டாம்; புது டீமுக்கு வேண்டும்; இரண்டும் உண்மை. இதில் எந்த உண்மையைக் காதில் போட்டுக்கொள்வது என்பதை அந்தப் பையனிடமே விட்டுவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் ஈ.சி.எச்.எல்.லில் ஆடுகிறவனுக்கும் இதே கதைதான்: மேலே யாருக்கோ கால் சுளுக்கினால் நாளைக்கே கூப்பிடுவார்கள். முப்பதில் ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன லீகில் ஒரு வருஷ ஒப்பந்தம் கிடைக்கும். வேண்டாம் என்பது இந்தத் தொழிலில் எப்போதும் இன்னொருவன் வேண்டும் என்று சொல்வதாகத்தான் வந்து சேர்கிறது. நான் எத்தனையோ பையன்களின் ரேங்க் கார்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். அந்தச் சிவப்பு மை இவன் வாழ்க்கையில் எங்கேயும் இல்லை. அது வரமா சாபமா என்று எனக்குள் வாதம் நடந்துகொண்டே இருக்கிறது.

உடம்பு மட்டும்தான் சில நேரம் நேராகப் பேசும். டெரெக் பூகார்ட் என்று ஒருவர் இருந்தார். ஆடுவதைவிட அடிதடிக்காகவே டீமில் வைக்கப்பட்ட ஆள். எதிரணிக்காரன் நம் நல்ல ஆட்டக்காரனை இடித்தால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போவதுதான் வேலை. 2011 மே மாதம், 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து உயிரைக் குடித்தது. பிறகு மூளையைப் பரிசோதித்ததில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்கிற சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. இந்தக் கதை அக்காவுக்குத் தெரியும். எனக்கு அவளே சொன்னதுதான். எங்கள் மாப்ள ஒல்லி, சண்டைக்குப் போகிற ரகமில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ரொம்ப நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள்.

மல்ஹோத்ராவும் பெய்ன்ஸும்

போதும் என்று ஒருத்தர் வெளிப்படையாகச் சொன்ன சம்பவம் ஏதாவது உண்டா என்று தேடியபோது மேனி மல்ஹோத்ரா கிடைத்தார். அப்பா இந்தியாக்காரர், அம்மா பிரெஞ்சு கனடியர், பிறந்தது டொரண்டோவை ஒட்டிய மிசிசாகாவில். 1998 டிராஃப்டில் ஏழாவது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் டீம் எடுத்தது. 2011 மார்ச்சில் வான்கூவருக்காக ஆடும்போது பக் அவர் இடது கண்ணில் பட்டது. பக் என்பது மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல கனம், 170 கிராம் வரை எடை வரும் கெட்டி ரப்பர். மாப்ள ஒன்றை ஞாபகார்த்தமாகக் கொடுத்தனுப்பியிருந்தான். அம்மா அதை ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டாள். இன்றுவரை கட்டில் அசையவில்லை. அந்தச் சாமானை ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்து, மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் அடிப்பார்கள். கண்ணில் பல அறுவை சிகிச்சை ஆனது. அதே ஜூன் மாதம் இறுதிச் சுற்றில் முழு முகத்துக்கும் காப்பு மாட்டிக்கொண்டு மனிதர் திரும்பி வந்து ஆடினார். வான்கூவர் அரங்கமே எழுந்து நின்றது.

ஆனால் பார்வை பழையபடி ஆகவில்லை. 2013 பிப்ரவரியில் டீம் நிர்வாகமே, உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொல்லி, மீதிச் சீசன் முழுக்க அவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அவருக்கு ஆட ஆசை இருந்தது. ஒரு மனிதனின் கண்ணைப் பார்த்துப் பேசி அவனை உட்கார வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த நிர்வாகி மேல் மரியாதைகூட வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? அவர் வேறு டீம்களுக்குப் போய் என்.எச்.எல்.லிலேயே இன்னும் இரண்டு சீசன் ஆடினார். மொத்தம் 991 ஆட்டம். பிறகு பயிற்சியாளராகி, 2025-ல் அபட்ஸ்ஃபோர்ட் டீமுக்கு ஏ.எச்.எல். கோப்பையையே வாங்கிக் கொடுத்தார். போதும் என்று சொன்னவரும் தப்பில்லை, கேட்காமல் போனவரும் தப்பில்லை. எனக்குத்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அந்தக் கோப்பையை வாங்கிய டீமில் அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்கிற பஞ்சாபிப் பையன் இருந்தான், வான்கூவரை அடுத்த சர்ரியில் பிறந்தவன். பதினெட்டில் டிராஃப்ட் இல்லை, பத்தொன்பதில் இல்லை, இருபதிலும் இல்லை. நம் பெரியப்பா அவன் மாமனாக இருந்திருந்தால் அப்போதே கூப்பிட்டு வைத்துப் பேசியிருப்பார். நானும் பேசியிருப்பேன். 2021-22-ல், ஜூனியரின் கடைசி வருஷத்தில், மேற்கு கனடாவின் மேஜர் ஜூனியர் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தது அவன்தான். வான்கூவர் ஒப்பந்தம் போட்டது. 2024 பிப்ரவரியில் என்.எச்.எல். ஐஸில் கால் வைத்தான். இந்திய வம்சாவளியில் முதன்முதலில் அங்கே போனவர் ராபின் பாவா, 1989-ல். நாலு டீம், மொத்தம் 61 ஆட்டம். மீதிக் காலமெல்லாம் கீழ் லீகுகளில் பஸ்ஸில் போய்வந்ததுதான். 61 ஆட்டம் குறைவா? எங்கள் மாப்ளையைக் கேட்டேன். "ஒன்னு கெடச்சாலே போதும் மாமா" என்றான். யோசிக்கவே இல்லை.

இங்கே இந்தக் கேள்வியே எழாது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மிடம் விளையாட்டு என்பது வேலைக்குப் போகும் வழி. ரயில்வே, போலீஸ், மின்வாரியம் என்று கோட்டாவில் ஒரு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் ஆட்டம் அதன் காரியத்தை முடித்துவிட்டது. லடாக்கில் குளம் உறைகிற மாதங்களில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களில்கூட ராணுவம், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஆட்கள் நிறைய. ஆட்டம் நின்றாலும் உடுப்பும் பென்ஷனும் இருக்கும். பெரியப்பாவிடம் லடாக் கதையைச் சொல்லியிருந்தால், "அது பொழைக்கற வழி" என்றிருப்பார். அவர் கேட்டது தப்பான கேள்வியும் இல்லை. ஆட்டமே வேலையாக இருக்கிற ஊரைப் பற்றி, ஆட்டத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிற ஊரிலிருந்து கேட்டார், அவ்வளவுதான்.

இந்தச் செப்டம்பரில் ஆரம்பிப்பது அவனுடைய கடைசி ஜூனியர் சீசன். ஜூனியர் ஏ பையன்களுக்கு ஒரு நல்ல வழி இருந்தது: அமெரிக்கக் கல்லூரிகளில் உதவித்தொகையோடு சேர்ந்து நாலு வருஷம் ஆடிக்கொண்டே படிப்பது. மேஜர் ஜூனியரில் ஆடியவர்களுக்கு அந்தக் கதவு சாத்தியிருந்தது; அங்கே கைச்செலவுக்குப் பணம் கொடுப்பதால் அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பது கல்லூரிகளின் பழைய கணக்கு. 2024 நவம்பரில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அவர்களும் வரலாம். நியாயமான மாற்றம்தான். ஆனால் எங்கள் மாப்ள நின்றிருந்த வரிசையில் அவனைவிடப் பெரிய கைகள் வந்து முன்னால் நின்றுவிட்டன. அவனாக எந்தத் தப்பும் செய்யாமல் இது நடந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நீ தாய்மாமன், நீ சொன்னாக் கேப்பான். ஒரு வார்த்த பேசு தம்பி." சீர் வைக்கிற இடத்தில் மாமன் பேச்சுக்கு மதிப்பு உண்டுதான். ஐஸ் மேல் எனக்கு என்ன தெரியும்? நான் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு மட்டும் ஒரு யோசனை சொன்னேன்: நான் நல்லா ஆடறேனா என்று கோச்சிடம் கேட்காதே, ஆமாம் என்றுதான் சொல்வார். அடுத்த வருஷம் எனக்கு எந்த லீகில் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள், ஊர் பெயரோடு சொல்லுங்கள் என்று கேள். கேட்டிருக்கிறான். கோச் தோளில் தட்டிக்கொடுத்து, ஜனவரிக்கு அப்புறம் பேசலாம் என்றாராம். அன்றைக்கு ராத்திரியே அவன் உட்கார்ந்து, கனடாவிலேயே இரண்டு பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டான் என்று அக்கா சொன்னாள். இரண்டிலும் ஹாக்கி டீம் இருக்கிறதாம். ஒன்றில் மெக்கானிக்கல் கேட்டிருக்கிறான்.